மூன்றாவது பெயர்

லோமன்
1960 பிப்ரவரி 7

அன்பு மகள் வெர்னீஸுக்கு அம்மா ஆர்டெல்லா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் சுகம். உன் சளி விட்டதா? நெஞ்சில் தேய்க்கத் தந்த தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருக்கிறாயா? உள்ளதை எழுது.

இங்கே மழை. கோழிகள் முட்டையைக் குறைத்துவிட்டன. போன கோடையில் போட்ட பீச் பழ ஜாடிகளில் ஒரு வரிசையை உனக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். அப்பா கை அதில் படாமல் பார்த்துக்கொள்வதே எனக்கு முழுநேர வேலை.

அவருக்கு இப்போதே நிறுவனர் நாள் ஜுரம் வந்துவிட்டது. ஏப்ரலுக்கு எவ்வளவோ நாள் கிடக்கிறது, தொப்பியை எடுத்து பிரஷ் போடுகிறார். நீ கடைசி ஆண்டு அல்லவா, மண்டபத்தில் பழைய குடும்பங்களைப் பெயர் வாசித்துக் கூப்பிடும்போது, இந்த வருஷம் காஸ்கின்ஸ் வரிசையில் உன் பெயரும் வரும். தாத்தா ஹோசியா, 1896. அப்பா அம்ப்ரோஸ், 1929. மூன்றாவதாக நீ. செத்துப்போனவருக்காகவும் வரமுடியாதவருக்காகவும் வீட்டார் எழுந்து பதில் சொல்வது ஹாஸ்கெட் பல்கலைக்கழகத்து வழக்கம் என்பதால், நேற்று சமையலறையில் ஒத்திகை நடந்தது. நான் பின்கட்டில் இருப்பது தெரியாமல், "ஹோசியா காஸ்கின்ஸ், இருக்கிறார்!" என்று கணீரென்று ஒரு குரல். "யாருங்க வந்திருக்கா? காப்பி போடணுமா?" என்று கேட்டேன். மனுஷர் தொப்பிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான் ஆறாவதோடு நின்றவள். மிச்சத்தை வேதாகமத்தை வைத்துக்கொண்டு நானே படித்தேன். ஹாஸ்கெட்டில் மனைவிமாருக்கு மாடியில்தான் இடம். மாடியிலிருந்து பார்த்தால் எழுந்து நிற்பவர்களின் உச்சந்தலை மட்டும் தெரியும். ஆகையால் அன்றைக்குத் தலையை ஒழுங்காகச் சீவிக்கொண்டு வா.

ஜெபத்தை விடாதே.

உன் அம்மா


ப்ரூட்டன்
1960 மார்ச் 6

அன்புள்ள அம்மாவுக்கு, வெர்னீஸ் வணக்கத்துடன் எழுதுவது. சளி போய்விட்டது. தைலம் பெட்டியில்தான் இருக்கிறது. உள்ளதை எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நான் சொல்லிவிட வேண்டும். வியாழக்கிழமை நாங்கள் கறுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர், மெயின் தெருவில் க்ரேடி கடைக்குப் போய், வெள்ளைக்காரர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடும் மேசையில் உட்கார்ந்தோம். ஞாயிறு உடுப்பு, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான்.

பரிமாறுகிற பெண் வந்து, "உங்களுக்கெல்லாம் இங்க தர மாட்டோம்" என்றாள். என் அறைத்தோழி க்ளியோட்டா, "பரவால்லக்கா, எங்களுக்கு அவசரமே இல்ல" என்றாள். அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். நான் வேதியியல் புத்தகத்தைத் திறந்து படித்தேன். விடுதியைவிட அங்கே அமைதியாக இருந்தது. பிறகு சில பையன்கள் வந்தார்கள். என் தலையில் சர்க்கரையைக் கொட்டினார்கள், அதன்மேல் தக்காளிச் சாறு. பக்கம் நனைந்தது, திருப்பி அடுத்த பக்கம் படித்தேன். அம்மா, நான் அழவில்லை. இதை அப்பாவிடம் கட்டாயம் சொல்.

இரண்டு ராத்திரி ஜெயிலில் வைத்திருந்தார்கள். உனக்குப் பிடித்த பாட்டுகளைத்தான் பாடினோம். நான் சுருதி விலகிப் பாடியதில் காவலர்தான் அதிகம் கஷ்டப்பட்டார்.

அப்பா என்ன சொல்கிறார் என்று உடனே எழுது.

உன் வெர்னீஸ்


லோமன்
1960 மார்ச் 11

அன்பு மகளுக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம். உன் கடிதத்தை முழங்காலில் நின்று இரண்டு தரம் வாசித்தேன். தலைமுடியை வினிகர் கலந்த தண்ணீரில் அலசு, சர்க்கரை எறும்பை இழுக்கும்.

உன் கடிதத்துக்கு முன்பே சேதி வந்துவிட்டது. மாவட்டப் பள்ளி அதிகாரி டால்பர்ட் வீட்டுக்கு வந்தான். காரை விட்டு இறங்கக்கூட இல்லை. ஊரே உன் அப்பாவை "வாத்தியாரய்யா" என்கிறது, அவனுக்கு வயசு அப்பாவில் பாதி.

"இந்தாப்பா அம்ப்ரோஸ், உம் பொண்ணு ப்ரூட்டன்ல என்ன பண்ணிட்டு வந்திருக்கா தெரியுமா?"

"தெரியுங்க ஐயா."

"இருபத்தஞ்சு வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்த உங்கிட்ட விட்டு வெச்சிருக்கோம். உனக்குப் புத்தி இருக்கு. பொண்ணுக்குப் போகாமப் போச்சே."

"அவளுக்கு என்னைவிட அதிகங்க ஐயா" என்றார் அப்பா. அவ்வளவு மெதுவாகச் சொன்னார். டால்பர்ட் காதில் விழுந்ததோ இல்லையோ, என் காதில் விழுந்தது.

அவன் போனதும் அப்பா கோழிக்கூட்டைச் சரி செய்யப் போனார். அது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் உன் கடிதம் வந்தபோதும் அங்கேதான் இருந்தார். நீ அழவில்லை என்று சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பக்கம் படிச்சுட்டிருந்தாளாம்?" என்று கேட்டார்.

பயமாக இருக்கிறது, கண்ணு. பெருமையாகவும் இருக்கிறது. எது எதைத் தின்னும் என்று தெரியவில்லை.

அம்மா


ப்ரூட்டன்
1960 மார்ச் 20

அன்புள்ள அம்மாவுக்கு, நான் சுகம். நீயும் அப்பாவும் சுகம்தானே?

பதினொரு பேரையும் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கிவிட்டார்கள். தலைவர் டாக்டர் ரென்ஃப்ரோ கூப்பிட்டு, ஆளுநரும் நிர்வாகக் குழுவும் சொன்னதைத் தான் செய்வதாகச் சொன்னார். பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. பொழுது சாய்வதற்குள் விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். சலவைத் தெருவில் திருமதி பர்விஸ் என்கிற சபை அம்மா வீட்டில் இருக்கிறேன். "என் வீட்டுல சத்தமா நடக்கக் கூடாது, சாப்பாட்ட மிச்சம் வைக்கக் கூடாது, மத்தபடி யாருக்கும் பயப்படக் கூடாது" என்பது அவர் சட்டம்.

அம்மா, அப்பாவை வரச் சொல். டாக்டர் ரென்ஃப்ரோ அவருடைய வகுப்புத் தோழர், ஒரே அறையில் இருந்தவர்கள். பழைய மண்டபத்துச் செங்கலைத் தாத்தா வகுப்புப் பையன்கள்தான் சூளை போட்டுச் சுட்டார்கள். ஒரு காஸ்கின்ஸ் வந்து வாசலில் நின்றால் ரென்ஃப்ரோவால் கதவைச் சாத்த முடியாது. என்னைத் திரும்பச் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, அப்பா வந்து என் பக்கத்தில் நின்றால் போதும். ஜன்னலோரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெர்னீஸ்


லோமன்
1960 ஏப்ரல் 3

அன்பு மகளுக்கு. சுகம், சுகம் அறிய ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

அப்பா ப்ரூட்டனுக்குப் போனார். டாக்டர் ரென்ஃப்ரோவோடு வெகுநேரம் பேசினார். உன்னை வந்து பார்க்கவில்லை என்று கோபப்படாதே, பார்த்தால் நீ கேள்வி கேட்பாய். நிறுவனர் நாள்வரை பொறுத்துக்கொள். அதுவரை என்னையும் எதுவும் கேட்காதே. அப்பாவை நம்பு.

திருமதி பர்விஸுக்கு ஒரு ஜாடி பீச் அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டை மிச்சம் வைக்காதே.

அம்மா


ப்ரூட்டன், பேருந்து நிலையம்
1960 ஏப்ரல் 23

அம்மா,

ஒரு மணிப் பேருந்தில் க்ளீவ்லாண்டுக்கு, லாட்டி சித்தி வீட்டுக்குப் போகிறேன். சித்தியோடு பேசிவிட்டேன்.

பத்திரிகை பார்த்தேன். "ஹாஸ்கெட்டின் பழைய குடும்பங்களாகிய நாங்கள், ஒழுங்கை மீறிய மாணவர்களை நீக்கிய தலைவரின் முடிவுக்குத் துணை நிற்கிறோம்." கீழே பெயர்கள். முதல் பெயர் அம்ப்ரோஸ் காஸ்கின்ஸ், 1929. இதற்காகவா என்னைப் பொறுத்திருக்கச் சொன்னாய்? கையெழுத்துப் போட்டது உனக்கு முன்பே தெரியும்.

அப்படியும் நம்பவில்லை. இன்று காலை பதினொரு பேரும் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றோம். நீங்கள் காரில் வந்து இறங்கினீர்கள். அப்பா தொப்பிக்குப் பிரஷ் போட்டிருந்தார். என்னைப் பார்த்தார். கையைப் பாதி தூக்கினார். அப்புறம் உள்ளே போய்விட்டார்.

க்ளியோட்டாவின் அப்பா பருத்தி வயலில் கூலிக்கு நிற்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் நடந்தே வந்து எங்களோடு நின்றார்.

என் முகவரியை அப்பாவுக்குத் தராதே.

வெர்னீஸ்


க்ளீவ்லாண்ட்
1960 செப்டம்பர் 4

அன்புள்ள அம்மாவுக்கு. நான் சுகம். லாட்டி சித்தியும் சுகம். உன் கடிதங்கள் நாலும் வந்தன. பெட்டியும் வந்தது. ஜாடி ஒன்றும் உடையவில்லை, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு காலுறைக்குள் திணித்து அனுப்ப உன்னால்தான் முடியும். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் கை ஓடவில்லை. நாலு கடிதத்திலும் அவரைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

பகலில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவையறையில் வேலை. இங்கே ஒரு கல்லூரி என்னைச் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது. ஹாஸ்கெட் என் மதிப்பெண் சான்றிதழைத் தர மறுத்துவிட்டது. ஆகையால் முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். லோமன் பள்ளித் தலைமையாசிரியருக்கு முறைப்படி ஒரு விண்ணப்பம் இத்துடன் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடு. நீ அவரிடம் வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

வெர்னீஸ்


லோமன் மாவட்டப் பயிற்சிப் பள்ளி
1960 செப்டம்பர் 9

கல்லூரிச் சேர்க்கை அலுவலர் அவர்களுக்கு,

வெர்னீஸ் காஸ்கின்ஸ் என்ற மாணவி இப்பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்று, 1956ஆம் ஆண்டு முதல் மாணவியாகத் தேறினார் என்று சான்றளிக்கிறேன். மதிப்பெண்கள் தனியே இணைக்கப்பட்டுள்ளன.

நடத்தை: இப்பள்ளியின் தலைமைப் பொறுப்பில் நான் இருந்துவரும் காலத்தில் இம்மாணவியைக் காட்டிலும் நேர்மையும் துணிவும் உடைய ஒருவரை நான் கண்டதில்லை. ஹாஸ்கெட் பல்கலைக்கழகத்திலிருந்து இவர் நீக்கப்பட்டதை அறிவீர்கள். அதில் குறை இவருடையது அல்ல. இவரைப் பெற்றுக்கொள்ளும் நிறுவனம் பேறுடையது.

அம்ப்ரோஸ் காஸ்கின்ஸ்
தலைமையாசிரியர்


க்ளீவ்லாண்ட்
1960 செப்டம்பர் 18

அன்புள்ள அம்மாவுக்கு. சுகம். உனக்கு முட்டிவலி என்று சித்தி சொன்னாள், எப்படி இருக்கிறது?

கல்லூரி அலுவலகத்துப் பெண் சான்றிதழை என் கண்முன்னே பிரித்தாள். வாசித்துவிட்டு, "காஸ்கின்ஸ்னா... உனக்குச் சொந்தமாம்மா இவரு?" என்று கேட்டாள். "தலைமையாசிரியர்" என்று மட்டும் சொன்னேன். அவள் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல எழுந்து போனாள்.

'மாணவி' என்று எழுதியிருக்கிறார். அம்மா, இப்படி எழுதத் தெரிந்தவர் எப்படி அப்படிக் கையெழுத்துப் போட்டார்? நீ அந்த வீட்டில்தான் இருக்கிறாய். இனியும் முட்டைக் கணக்கு எழுதாதே. சொல்.

வெர்னீஸ்


லோமன்
1960 செப்டம்பர் 25

அன்பு மகளுக்கு. முட்டிவலி தேவலை.

அப்பா சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இன்று ஆலயத்தில் அதை ஆண்டவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அப்பா ப்ரூட்டனுக்குப் போன அன்றைக்கு ரென்ஃப்ரோ அவரிடம் சொன்னாராம்: "அம்ப்ரோஸ், ஆளுநருக்குப் பழைய குடும்பங்க கையெழுத்து வேணுமாம். உன் பேரு முதல்ல இருந்தா மத்தவங்க போடுவாங்க. அதக் காட்டி உம் பொண்ண நான் திரும்ப உள்ள எடுத்துடுவேன். நிறுவனர் நாள்ல மூணாவது பேர நானே கூப்பிடுறேன், போதுமா? அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாத, பொண்ணுகிட்டகூட." அப்பா போட்டார். வேலை போய்விடுமே என்று பயந்து போடவில்லை, வெர்னீஸ். அந்தப் பெயருக்காகப் போட்டார். நீ தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றபோது பாதி தூக்கினாரே, அந்தக் கை, 'இன்னும் கொஞ்ச நேரம்' என்று சொல்லத்தான் எழுந்தது.

நான் மாடியில் இருந்தேன். கூப்பிட்டார்கள். "ஹோசியா காஸ்கின்ஸ், 1896." அப்பா எழுந்து, "இருக்கிறார்" என்றார். "அம்ப்ரோஸ் காஸ்கின்ஸ், 1929." "இருக்கிறேன்." அப்புறம் உட்காரவில்லை. மூன்றாவது பெயருக்காகக் காத்துக்கொண்டு நின்றார். ரென்ஃப்ரோ காகிதத்தைத் திருப்பி அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார். ஹார்க்ரோவ் வீட்டார் ஆறேழு பேர் எழுந்து நின்று பதில் சொல்கிறார்கள், நடுவே உன் அப்பா. அவர்கள் உட்கார்ந்தார்கள். அவர் நிற்கிறார். பின்னாலிருந்து யாரோ, "வாத்தியாரே, ஒக்காருங்க, உங்களுது முடிஞ்சிடுச்சு" என்றார்கள். மாடியிலிருந்து என்னால் கூப்பிடவும் முடியவில்லை, இறங்கி ஓடவும் முடியவில்லை. அந்த உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவருக்குப் புரிந்தது. தொப்பியை இருக்கையிலேயே விட்டுவிட்டு நடுவழியாக வெளியே நடந்தார்.

தெருவில் உங்கள் யாரையும் காணோம். பர்விஸ் அம்மா வீட்டுக்கு ஓடினோம். "பஸ்ஸுக்குப் போய்ட்டாளே" என்றார். நிலையத்துக்குப் போனோம். வண்டி கிளம்பிவிட்டிருந்தது. கறுப்பர்களுக்கான பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

"எழுதுங்க, நடந்தத எழுதுங்க" என்று அழுதேன். "என்னன்னு எழுதுறது, ஆர்டெல்லா? நான் அவள வித்தேன். பேசின விலை கைக்கு வரலைங்கறதால விக்கலைன்னு ஆயிடுமா?" என்றார்.

டால்பர்ட் அவருக்கு வேலையை மேலும் மூன்று வருஷம் நீட்டிக் கொடுத்திருக்கிறான். அந்தக் கடிதம் வந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

சொல்லிவிட்டேன். இனி நீ என்ன செய்கிறாயோ செய்.

அம்மா


க்ளீவ்லாண்ட்
1960 அக்டோபர் 9

லோமன் மாவட்டப் பயிற்சிப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய சான்றிதழின் பேரில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. வகுப்புகள் தொடங்கிவிட்டன.

சேர்க்கைப் படிவத்தில் 'இக்கல்லூரியில் முன்பு பயின்ற உறவினர் பெயர்' என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். 'எவருமில்லை' என்று எழுதினேன். எழுதக் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் 23 அன்று மண்டபத்துக்குள் நடந்ததை இப்போது அறிந்தேன். தாங்கள் நின்றிருந்தீர்கள் என்று அறிந்தேன். அன்று நான் வெளியேதான் நின்றிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது மூன்றாவது பெயர் அல்ல. தெருவைத் தாண்டி நாலு அடி. அதை எப்படி மறப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுவேன்.

தாங்கள் செய்த உதவிக்கு நன்றி.

தங்கள் மாணவி
வெர்னீஸ் காஸ்கின்ஸ்


லோமன்
1960 அக்டோபர் 16

அன்பு மகளுக்கு ஆசீர்வாதம். நாங்கள் இருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிச் சட்டையைச் சட்டைக்கு உள்ளே போடு, வெளியே போட்டு அழகு பார்க்காதே.

உன் கடிதம் பள்ளிக்கூட முகவரிக்கு வந்தது. அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. சாயங்காலம் நானே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைகள் எல்லாரும் போயாயிற்று. கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நின்றபடியே வாசித்தேன்.

"நல்லா எழுதியிருக்கா" என்றார். "தெளிவா இருக்கு. ஒரு வார்த்தை அதிகமில்ல."

பிறகு எழுந்து, பழைய மாணவர்கள் காகிதங்களை வைக்கிற இரும்பு அலமாரியைத் திறந்து, மற்றப் பிள்ளைகளின் காகிதங்களுக்கு நடுவே அதை வைத்தார். எனக்குத் தாளவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை, அன்றைக்குக் கத்திவிட்டேன்.

"அங்க எதுக்குங்க வெக்கிறீங்க? வீட்டுக்குக் கொண்டாங்க! அவ என்ன ஊரான் வீட்டுப் பிள்ளையா? உங்க மகங்க அவ!"

அலமாரியைப் பூட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அத அவ சொல்லணும், ஆர்டெல்லா" என்றார்.

விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தோம்.

நான் உன்னை எதுவும் கேட்கவில்லை, கண்ணு. நடந்ததை எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா
ஆர்டெல்லா காஸ்கின்ஸ்